படித்தேன், புரிந்துகொண்டேன்

பேனாவை யார் இரவல் கேட்டாலும் கொடுக்கலாம், அவருக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. எழுதிவிட்டுத் திருப்பித் தருவார்தான். ஆனால் அதற்கு முன்னால் மூடியை மாட்டுவார், கழற்றுவார், மாட்டுவார், கழற்றுவார். காதருகே வைத்துச் சத்தம் கேட்பார். நாம் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கடைசியில் ஒரு தீர்ப்பு வேறு.

"நல்ல பேனாங்க. மூடி மட்டும் இன்னும் ஆறு மாசம் தாங்கும்."

சொல்லி வைத்த மாதிரி ஆறாவது மாதம் மூடி விட்டுப்போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்கள் வாய் வைத்ததால்தான் போனது என்று அவரிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். அதற்கும் ஒரு சிரிப்புதான் சிரிப்பார்.

எங்கள் கம்பெனி திருச்சியில், தஞ்சாவூர் ரோட்டுப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் இருந்தது. பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்வோம். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. நான் உறையூரிலிருந்து போய்வருவேன், கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிற வேலை. அங்கே எல்லோருக்கும் பெயர் உண்டு, முதலாளிக்குப் பட்டப்பெயரும் உண்டு. பேனா வாங்குகிற இவர் மட்டும் வெறும் சார். இன்ஜினியர் என்று அவர் ஒருத்தர்தான். அப்போது நாற்பது வயது இருக்கும். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் வாடகைக்குக் குடியிருந்தார். சொந்த ஊர் பச்சைமலை மேலே. மரவள்ளிக்கிழங்கு போடுகிற குடும்பம். ஊருக்குப் போகிறேன் என்று லீவு கேட்டால் ஒரு நாளைக்கு மூன்று நாளாகக் கேட்பார். பஸ்ஸை விட்டால் மறுநாள்தான் என்பார்.

அவர் செய்துகொண்டிருந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அப்போது லேப்டாப்பில் இன்டர்நெட் வேண்டுமென்றால் டெலிபோன் வயரைக் கொண்டுவந்து சொருக வேண்டும். அதற்கென்று ஒரு அட்டை உண்டு. சீட்டுக்கட்டில் பத்துச் சீட்டைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான், லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ளே போய்விடும். சங்கடம் என்னவென்றால், டெலிபோன் வயரின் முனை அந்த அட்டையைவிடத் தடிமன். எலி வளைக்குள் பூனையை அனுப்புகிற கதை. சிலர் அட்டையிலிருந்து நாக்கு மாதிரி ஒரு சின்னத் தகட்டை வெளியே இழுத்து, அதில் ஒரு ஓட்டை வைத்து, வயரை மேலிருந்து சொருகும்படி செய்திருந்தார்கள். அந்த நாக்கு சட்டென்று ஒடிந்துவிடும். ஒடியாத நாக்கு வேண்டும் என்று வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்களிடம் கேட்டிருந்தது. சார் மூன்று வருஷம் அதோடுதான் குடித்தனம் பண்ணினார்.

பத்தாயிரம் தடவை மாட்டிக் கழற்றியும் உடையவில்லை என்றால்தான் அது சாமான், அதுவரை வெறும் பிளாஸ்டிக் என்பார். மாட்டிக் கழற்ற ஒரு மெஷின் இருந்தது. இருந்தாலும் கடைசி ஆயிரம் தடவையைக் கையால்தான் செய்வார். இடது கையில் எண்ணும் கருவி. கோயில் வாசலில் ஆள் எண்ணுகிறவர்கள் கட்டைவிரலால் டிக் டிக் என்று அமுக்குவார்களே, அதுதான்.

"அதான் மெஷின் இருக்கே சார்?"

"மெஷின் நேரா இழுக்குதுங்க. மனுஷன் எங்க நேரா இழுக்கறான்?"

ஒருமுறை புது மெஷின் வந்ததற்காக எல்லோரையும் குடும்பத்தோடு வேனில் சமயபுரம் கூட்டிப்போனார்கள். நான் வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் ஜன்னல் சீட்டுக்கு முதலில் துண்டு போட்டது நான்தான். தரிசனம் முடிந்து கடைத்தெருவில் சாரின் மனைவி கொக்கி வைத்த கவரிங் வளையல் ஒன்றை எடுத்தார். அவ்வளவுதான், சார் அதைக் கையில் வாங்கிக் கொக்கியைத் திறந்து மூட ஆரம்பித்துவிட்டார். கடைக்கார அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது.

"ஏங்க, வாங்கறதுன்னா வாங்குங்க. வளையலுக்கு உசுரே போயிரும் போலருக்கு."

"இன்னும் பதினாறு தடவைதாம்மா. நூறு ஆயிடும்."

எண்பத்தேழாவது தடவையில் கொக்கி கையோடு வந்துவிட்டது. உடைந்ததையும் வாங்கிக்கொண்டு இன்னொன்றையும் வாங்கினார். அக்கா, அதாவது அவர் மனைவி, என் காதில் சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடி என்னை மட்டும் எப்படித்தான் சோதிச்சுப் பாக்காம விட்டாரோ, தெரியலைம்மா."

சாமான்களை மட்டும் சோதிக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களையும் சோதிப்பார். டிராயிங் போடக் கொடுக்கிற பேப்பரில் வேண்டுமென்றே ஒரு அளவைத் தப்பாக எழுதி வைப்பார். யார் வந்து "சார், இது இடிக்குதே" என்று கேட்கிறார்களோ அவர்களுக்குக் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கிற கடையில் ஒரு காபி. கேட்காதவர்களைத் திட்ட மாட்டார். அன்று அவர்களுக்குக் காபி கிடையாது, அவ்வளவுதான்.

"கேள்வி வந்தாத்தாங்க படிச்சிருக்காங்கன்னு அர்த்தம். கையெழுத்து வந்தா ஒண்ணும் அர்த்தம் இல்ல" என்பார்.

அந்தக் காபியில் பாதிக்கு மேல் குடித்தவள் நான்தான். வாரத்துக்கு மூன்று கூடக் குடித்திருக்கிறேன். அரை மில்லிமீட்டர் பிசகினால் என் கண்ணில் பட்டுவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் சாக்குச் சொல்லிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஏதாவது தோன்றினால் அன்றன்றைக்கு ஒரு நோட்டில் எழுத வேண்டும். கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்த நோட்டு. ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே, விஷயம் தெரிந்த, ஆனால் அந்தக் கண்டுபிடிப்பில் பங்கில்லாத இன்னொருத்தர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தேதி போட வேண்டும். அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பும் அனுப்பியிருந்தார்கள். இங்கிலீஷில் இருக்கும்: படித்தேன், புரிந்துகொண்டேன். அந்தச் சாட்சியாக சார் என்னைக் கேட்டார். "தப்பு கண்டுபிடிக்கிற ஆளு நீங்கதாங்க" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

முதல் இரண்டு வாரம் ஜெபப் புத்தகம் படிக்கிற பக்தியோடு படித்தேன். அப்புறம் சலிப்பு வந்துவிட்டது. அவர் கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். சனிக்கிழமை ஐந்தரைக்கு ஆபீஸ் வேன் கிளம்பிவிடும். தோளில் பையை மாட்டிக்கொண்டு, அவர் மேஜை டிராயரிலிருந்து நோட்டை எடுத்து, நின்றபடியே ஆறு பக்கத்திலும் ஸ்டாம்ப் குத்துவேன். ஆறு கையெழுத்து. திங்கட்கிழமையிலிருந்து ஆறு நாளுக்கும் அந்தந்தத் தேதி. வருகைப் பதிவேட்டில் விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்துக் கையெழுத்துப் போடுவோமே, அதே மாதிரிதான் இதுவும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

வெளியே வரும்போது சார் கேட்பார்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுது சார்."

வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வெளிநாட்டுக் கம்பெனி ஆள் ஒருவர் வந்திருந்தார். தன் லேப்டாப்பை மேஜையில் வைத்து, சுவரிலிருந்து டெலிபோன் வயரை இழுத்து மாட்டியிருந்தார். கூட்டிப் பெருக்குகிற அம்மாவின் கால் வயரில் இடறியது. நாக்கு ஒடிந்து, லேப்டாப்பும் தரையில் விழுந்தது. அந்த அம்மா அழாத குறை. எல்லோரும் லேப்டாப்பைத் தூக்க ஓடினார்கள். சார் மட்டும் கீழே கிடந்த வயரைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் புதன்கிழமை நான் லீவு. மணப்பாறையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் கேக்கைச் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள், ஒரு பதிலும் வரவில்லை, அது வேறு கதை. வியாழக்கிழமை நான் ஆபீசுக்குப் போனால் சார் முகம் பூத்துக் கிடந்தது.

"மலையில எங்கப்பா ஆட்டைச் சரிவுல கட்டறப்ப, பலமா இழுத்தா அவுந்துக்கற மாதிரிதாங்க முடிச்சுப் போடுவார். ஆடு சறுக்கி விழுந்தா கழுத்து இறுகிடக் கூடாதில்ல? நான் மூணு வருஷமா கெட்டியாப் பிடிச்சுக்கறதையே யோசிச்சுட்டு இருந்திருக்கேன்."

"அப்படியா சார்" என்றேன். மணப்பாறைக்காரர்கள் மேல் இருந்த கடுப்பு எனக்கு. "நோட்டுல எழுதியிருக்கேன், நிதானமாப் படிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வழக்கம் போலத்தான் நடந்தது. தோளில் பை, ஆறு ஸ்டாம்ப், ஆறு கையெழுத்து. நான் ஆபீசிலேயே இருந்திராத புதன்கிழமைக்கும் புதன்கிழமைத் தேதியையே போட்டேன்.

திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்து நின்றார். போனார். மறுபடி வந்தார்.

"என்ன சார் வேணும்?" என்று கொஞ்சம் எரிந்துதான் விழுந்தேன்.

"ஒண்ணும் இல்லைங்க. நோட்டு பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"புதன்கிழமைப் பக்கம்?"

"அதுவுந்தான்."

"எங்கிட்ட ஒண்ணும் கேக்கணும்னு தோணலைங்களா?"

"எல்லாம் தெளிவா இருந்துச்சு சார்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் படிச்சீங்களா, புரிஞ்சுதுங்களா என்று அவர் என்னைக் கேட்டதே இல்லை. தொல்லை விட்டது என்று நான் இருந்தேன்.

அவர் செய்த நாக்கு பத்தாயிரம் தடவை தாங்கியது. எவ்வளவு வேகமாக வயரை இழுத்தாலும் நாக்கு வளைந்து கொடுத்து வயரை விட்டுவிடும், அப்புறம் தானாக உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். பேட்டன்ட் பதிவில் கண்டுபிடித்தவர் என்று சாரின் பெயரையே போடுவதாக அந்தக் கம்பெனி எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டி, "இனிஷியலோட எங்க ஊர் பேரையும் சேத்துப் போடலாமுங்களா?" என்று கேட்டார். மலைக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டும் வந்தார். வெளிநாட்டில் சர்க்கார் புத்தகத்தில் தன் மகன் பெயர் ஏறப்போகிறது என்று அந்தப் பெரியவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

ஒன்றரை வருஷம் கழித்து வந்தது வினை. வேறொரு நாட்டுக் கம்பெனி கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றைத் தாங்கள்தான் முதலில் கண்டுபிடித்ததாகப் பதிவு செய்திருந்தது. அந்தக் காலத்தில் பேட்டன்ட் கொடுக்கிற அந்த நாட்டில் யாருக்கு முதலில் தோன்றியது என்பதுதான் கணக்கு. எங்களிடம் நாக்கு கேட்ட கம்பெனியின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது: நோட்டை அனுப்புங்கள், சாட்சியையும் சத்தியம் வாங்கி விசாரிப்போம். முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. என்னிக்குப் படிச்சே, என்ன படிச்சேன்னு கேப்பாங்க. அந்தந்தத் தேதியில ஆபீசுல இருந்தியான்னு நம்ம ரிஜிஸ்டரைப் பாப்பாங்க. சொல்லிடுவேல்ல?"

புதன்கிழமைக்கு நான் கொடுத்த லீவு லெட்டர் ஃபைலில் இருக்கிறது. அப்போது அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்று வெளியே அனுப்பினால் நான் எங்கே போவேன்? சொல்லிடறேன் என்று வாய் சொன்னது. சார் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் முதலாளி அறையிலிருந்து சத்தம் கேட்டது.

"காணோம்னா என்னங்க அர்த்தம்? நோட்டைத் தொலைக்கறதுக்கு நீங்க என்ன மூணாங்கிளாஸ் பையனா?"

சார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். பஸ்ல விட்டுட்டேன் போலருக்கு" என்றார். ஸ்க்ரூவைக்கூட எண்ணி டப்பியில் போடுகிற மனிதர், மூன்று வருஷ உழைப்பை பஸ்ஸில் விட்டாராம். இது எப்படி நடக்கும் என்று ஆபீசில் ஒருத்தர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது, அதுதான் உண்மை. அன்று சாயங்காலம் வேனில் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். "சார் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் திருப்பி வாங்க முடியவில்லை.

பேட்டன்ட் மற்றவர்களுக்குப் போனது. இரண்டு மாதத்தில் சார் வேலையை விட்டுவிட்டார். பாலக்கரையில் மிக்சிக்கு ஸ்விட்ச் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்ததாகச் சொன்னார்கள். நான் கல்யாணம் முடிந்து, வேலை மாறி, ஒரு பாலிடெக்னிக்கில் டிராயிங் சொல்லிக்கொடுக்கிறவளாக ஆனேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒருமுறை ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். ஜன்னல் ஷட்டரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. என் அப்பாவைப் பற்றி விசாரித்தார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். படிக்காமல் கையெழுத்துப் போட்டதைச் சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று காவிரிப் பாலம் முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன். பாலம் தாண்டியதும் அவர் எழுந்தார்.

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. உங்களுக்கு ரெண்டு காபி இருக்கு."

"எதுக்கு சார் ரெண்டு?"

"வாங்க, சொல்றேன்."

"கண்டிப்பா வரேன் சார்" என்றேன். போகவில்லை. முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் போகவில்லை.

போன மாதம் சார் வீட்டு அக்கா போன் செய்தார். பாலிடெக்னிக்கில் நம்பர் வாங்கியிருக்கிறார்.

"நீங்கதானே அந்த டிராயிங் பொண்ணு? சார் தவறி ஆறு மாசம் ஆச்சும்மா. வீட்டைக் காலி பண்றேன், பொண்ணுகிட்டப் போறேன். பீரோல என் கல்யாணப் பட்டுக்கு அடியில ஒரு நோட்டு இருந்துச்சு. பக்கத்துக்குப் பக்கம் உங்க கையெழுத்து. தூக்கிப்போட மனசு வரலை."

மறுநாளே போனேன். கூடத்தில் பாதிச் சாமான் மூட்டையாகக் கட்டிக் கிடந்தது. சுவரில் சாரின் படம், அதற்குப் பக்கத்தில் மலைக்காரப் பெரியவர் படம். அக்கா காபி கொடுத்தார், குடித்தேன். அப்புறம் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

புதன்கிழமைப் பக்கத்தைத்தான் முதலில் தேடினேன். நாக்கின் படம், வளைகிற கோணம், எவ்வளவு இழுத்தால் விட வேண்டும் என்கிற கணக்கு, எல்லாம் அதே எறும்புக் கையெழுத்தில். பக்கத்தின் நடுவில், கணக்குக்கும் கணக்குக்கும் இடையில், அதே இங்கிலீஷில், அதே மையில் ஒரு வரி:

இந்த வரியைப் படிக்கும் சாட்சிக்கு, இன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருப்பதால், ஒன்றுக்கு இரண்டாகக் காபி. என்னிடம் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

அதற்குக் கீழே ஸ்டாம்ப். படித்தேன், புரிந்துகொண்டேன். என் கையெழுத்து. நான் அங்கே இல்லாத நாளின் தேதி.

இந்த நோட்டு வக்கீல் மேஜைக்குப் போயிருந்தால் முதல் கேள்வியே இதுதான்: அம்மா, காபி வாங்கிக்கொண்டீர்களா? அவருக்கு அது தெரிந்திருக்கிறது. அந்தத் திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. கேட்டிருக்கலாமே! திட்டியிருக்கலாமே! இன்னொரு கையெழுத்தை இன்னொருத்தரிடம் ஒழுங்காக வாங்கியிருக்கலாமே! ஒன்றும் செய்யாமல் இந்த மனிதர் தன் பெயரைப் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்து மூடியிருக்கிறார்.

"அக்கா" என்றேன். "சார் இதைத் தொலைக்கலை. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். இது வெளிய வந்தா என் வேலை போயிருக்கும். அதுக்காக மறைச்சு வெச்சுட்டார்."

அக்கா கையிலிருந்த மூட்டைக் கயிற்றைக் கீழே வைத்தார்.

"எங்கிட்டயும் தொலைஞ்சு போச்சுன்னுதாம்மா சொன்னார்" என்றார். "மலையில எங்க மாமனார் சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார், பேரு வந்துச்சா, பேரு வந்துச்சான்னு. வரும்ப்பா, வரும்ப்பான்னு இவரும் சொல்லிக்கிட்டே இருந்தார்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மூட்டை கட்டப் போய்விட்டார். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

நான் நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு அளவு இடித்தது. வேண்டுமென்றே வைத்ததா, கை தவறியதா, கேட்க ஆள் இல்லை. கடைசிப் பக்கத்தை மூடும்போது மணி மூன்று ஆகியிருந்தது.

அடுப்படி வாசலில் போய் நின்றேன். அக்கா பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். காபி டம்ளர் இரண்டு மட்டும் இன்னும் மேடையில் இருந்தது.

"அக்கா, எனக்கு இன்னொரு காபி வேணும்" என்று கேட்டேன்.